காலிப்பருக்குப் புது வண்ணம்

போர்ஷே 911 காரின் சக்கரக் கம்பிகளுக்கு இடையே ஒரு நிறம் எட்டிப் பார்க்கும். சாதாரண கரேராவில் வழக்கமாகக் கறுப்பு, கரேரா எஸ் வகையில் சிவப்பு, செராமிக் டிஸ்க் பொருத்திய வண்டியில் மஞ்சள். உள்ளே இருப்பது எந்த வகை பிரேக் என்று பெரும்பாலும் அந்த நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். நிறம் பூசிய அந்தப் பாகத்தின் பெயர் காலிப்பர். சில ஆண்டுகள் விரட்டி ஓட்டிய வண்டியில் சிவப்பு மங்கிப் பழுப்பேறிவிடும். அதைப் பழையபடி பளிச்சென்று ஆக்குவது பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஆனால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் அந்தப் பாகத்தின் வேலை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது டிஸ்க். அதன் விளிம்பைக் கவ்விக்கொண்டு, தான் சுழலாமல் நிற்பது காலிப்பர். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளும். அவை இருபுறமும் உள்ள பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே இந்த டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகுதான் அதன் அருமை பரவலாகப் புரிந்தது.

பிரேக் பிடிப்பது என்றால் வேகத்தை வெப்பமாக மாற்றுவது. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதுவும் சில நொடிகளில். பந்தயத் தடத்தில் டிஸ்க்கின் சூடு 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். காலிப்பர் அவ்வளவு சூடாகாது என்றாலும் 200 டிகிரியை எட்டக்கூடும். சாதாரண எனாமல் பெயிண்ட் அந்தச் சூட்டில் இளகும், நிறம் மாறும், உரியும். வெப்பம் தாங்குவதற்கென்றே தயாரித்த, ஹார்டனர் கலந்து பூசும் இருகலவை பெயிண்ட்டே இதற்கு ஏற்றது. பவுடர் கோட்டிங் இன்னும் உறுதியானது. ஆனால் அதை 200 டிகிரி அளவில் அடுப்பில் சுட வேண்டும் என்பதால் காலிப்பரை முழுதாகக் கழற்றி, பிஸ்டனையும் ரப்பர் சீல்களையும் வெளியே எடுத்தாக வேண்டும். அது தேர்ந்த பட்டறையின் வேலை.

பெயிண்ட்டை நீங்களே பூசுவதென்றால், முதலில் வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் கண்ணில் படும் கரிய தூசியை ஊதி விரட்டக் கூடாது, மூச்சில் போகும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் நீக்கி, உப்புத்தாளால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகும், போகவும் வேண்டும். பிசுக்கின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட்டும் நிற்காது.

அடுத்தது எங்கெல்லாம் பூசக் கூடாது என்பது. இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான். பேடுகள் முன்னும் பின்னும் நகரும் விளிம்புகளில் பெயிண்ட் படிந்தால், பேடு சிக்கிக்கொண்டு டிஸ்க்கை உரசியபடியே இருக்கும். பிஸ்டனிலும் அதைச் சுற்றிய ரப்பரிலும் ஒரு துளிகூட விழக் கூடாது. பிரேக் ஆயிலிலிருந்து காற்று நீக்கும் திருகின் வாயை மூடிவிட்டால் அடுத்த சர்வீஸில் அவதி. காலிப்பர் வண்டியோடு பொருந்தும் முகப்பில் பூசினாலோ, அந்தப் படலம் சூட்டில் நசுங்கி போல்ட்டின் இறுக்கம் குறையும். இத்தனை இடங்களுக்கும், டிஸ்க்குக்கும், மாஸ்கிங் டேப் கட்டாயம். இரண்டு பாதிகளை இணைத்துச் செய்த காலிப்பராக இருந்தால் இணைப்பு போல்ட்டுகளைத் தொடவே வேண்டாம். வசதிக்காகக் காலிப்பரைக் கழற்றினால் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். ஆயில் குழாயில் அதன் பாரம் ஏறக் கூடாது.

பிரஷ்ஷால் மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்று என்று பூசினால் போதும். டாட் 4 வகை பிரேக் ஆயில் பெயிண்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும்.

நிறத்தைத் தேர்வு செய்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரும்பு டிஸ்க் உள்ள போர்ஷேவுக்கு மஞ்சள் பூசக் கூடாது. அடுத்து வாங்குபவர் அதைச் செராமிக் என்று நம்பிவிடுவார்.

எல்லாம் முடிந்ததும் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வேலையின்போது பேடுகளைப் பின்தள்ளியிருந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கிவிடும். ஆகவே வண்டியை நகர்த்துவதற்கு முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துப் பாருங்கள்.