நீங்கள் வரைந்த ஓவியத்துக்கு என்ன விலை சொல்வது?

வீட்டுக்கு வந்தவரோ கண்காட்சிக்கு வந்தவரோ ஓர் ஓவியத்தின் முன் நின்று "இது என்ன விலை?" என்று கேட்டதும் திணறிப்போகிற ஓவியர்கள் நிறையப் பேர். வாரக்கணக்கில் உழைத்து வரைந்தவர், "நீங்களே பார்த்துக் குடுங்க" என்று சொல்லிவிடுகிறார். வாங்க வந்தவருக்கும் சங்கடம்தான், அவருக்கும் விலை தெரியாது. கடைசியில் கேன்வாஸும் வண்ணமும் வாங்கிய காசுகூடத் தேறாத ஒரு தொகை கைமாறுகிறது. விலை சொல்லத் தெரியாததால் நல்ல ஓவியர்கள் சோர்ந்து தூரிகையைக் கீழே வைப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் விசாரிப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் இதைக் கற்றுக்கொண்டுவிடலாம்.

முதலில் ஏலச் செய்திகளை ஒதுக்கி வையுங்கள். ராஜா ரவிவர்மாவின் யசோதை, கிருஷ்ணன் ஓவியம் 2023இல் 38 கோடி ரூபாய்க்குப் போனது. எம்.எஃப். உசேனின் 'கிராம யாத்திரை' ஓவியம் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.38 கோடி டாலருக்கு விற்றது. இவை மறுவிற்பனைச் சந்தையின் விலைகள். ஓவியர் மறைந்துவிட்டார், இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை, முந்தைய விற்பனைகளின் வரலாறு கையில் இருக்கிறது, அதனால் போட்டி. இன்று சேலத்திலோ சென்னையிலோ வரைகிற ஒருவருக்கு அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை. ரவிவர்மாவிடமிருந்து கற்க வேண்டியது வேறொன்று. 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தில் அச்சாகி வீடுதோறும் போன படங்களும் அவர் பெயர் தாங்கியவைதான். ஆனால் அவர் கைப்பட வரைந்த ஓவியத்தின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிக மிகச் சிறியது. ஒரே ஒரு படைப்பு என்பதற்குத்தான் வாங்குபவர் பணம் கொடுக்கிறார். உங்கள் ஓவியத்தையே நீங்கள் பிரிண்ட் போட்டும் விற்பதானால், எத்தனை பிரதி என்று முன்பே முடிவுசெய்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, மூல ஓவியத்தை வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். நம் ஊர் ஓவியர்களும் கேலரிக்காரர்களும் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் பேசுகிறார்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதை ஒரு ரேட்டால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24க்கு 36 அங்குல அக்ரிலிக் ஓவியம் 864 சதுர அங்குலம், விலை 17,280 ரூபாய். சுலபமான முறை, ஆனால் இதில் ஒரு கோளாறு உண்டு. இதே ரேட்டில் 12க்கு 16 அங்குலச் சிறிய ஓவியம் வெறும் 3,840 ரூபாய்க்கு இறங்கிவிடும். 48க்கு 60 அங்குலப் பெரிய ஓவியமோ 57,600 ரூபாய்க்கு ஏறிவிடும். சின்னது கட்டுப்படியாகாது, பெரியது விற்காது. அதனால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்காமல் கூட்டிக் கணக்கிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நடு அளவு ஓவியத்தின் விலையை மாற்றாமல் 24ஐயும் 36ஐயும் கூட்டினால் 60 அங்குலம், அங்குலத்துக்கு 288 ரூபாய். அப்போது சிறியது 8,064 ரூபாய், பெரியது 31,104 ரூபாய். பல அளவுகளில் வரைகிற புதியவருக்கு இந்த இரண்டாவது முறைதான் ஏற்றது என்பேன். காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணத்துக்கு கேன்வாஸ் ஓவியத்தைவிடக் குறைந்த ரேட் வைப்பது வழக்கம். ஓர் ஊடகத்துக்கு ஒரு ரேட் என்று முடிவுசெய்துவிட்டால் அதற்குள் ஓவியத்துக்கு ஓவியம் மாற்றாதீர்கள்.

சரி, அந்த 20 ரூபாயோ 288 ரூபாயோ எங்கிருந்து வருகிறது? கீழ் எல்லை உங்கள் செலவு. கேன்வாஸ், வண்ணம், வார்னிஷ், ஃப்ரேம், வண்டிச் சத்தம், செலவழித்த நேரத்துக்கு ஒரு நியாயமான கூலி. இதற்குக் கீழே போகிற விலையை ஏற்க வேண்டாம். மேல் எல்லையைச் சந்தையில்தான் விசாரிக்க வேண்டும். சென்னை கிரீம்ஸ் ரோட்டில் உள்ள லலித் கலா அகாடமிக்கும் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போய் வாருங்கள். கண்காட்சியில் விலைப்பட்டியல் கேட்டால் காட்டுவார்கள். உங்களைப்போலவே சில ஆண்டுகளாக வரைகிற, அதே ஊடகத்தில், ஏறக்குறைய அதே அளவில் வரைகிறவர்களின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் எது விற்றது என்பதையும் கேளுங்கள். ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டிய சிவப்புப் பொட்டு விற்றுவிட்டதற்கு அடையாளம். இன்ஸ்டாகிராமிலும் விற்பனைத் தளங்களிலும் போட்டிருப்பது கேட்கும் விலை மட்டுமே. யாராவது கொடுத்தார்களா என்று அதில் தெரியாது.

கேலரியின் பங்கை மறந்து விலை வைப்பவர்கள் பிறகு தவிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கமிஷன் எடுப்பது பரவலான நடைமுறை. 40 சதவீதம் என்றால் 17,280 ரூபாய் ஓவியத்தில் உங்கள் கைக்கு வருவது 10,368 ரூபாய். அதிலும் உங்கள் செலவு போக மிஞ்ச வேண்டும். ஃப்ரேம் செலவைக் கழித்த பிறகு கமிஷனா, கழிக்காமலா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு வந்தால் பாதி விலை என்பது கூடவே கூடாது. விஷயம் தெரிந்ததும் கேலரி உங்களை விட்டுவிடும். அங்கே முழு விலை கொடுத்தவர் ஏமாந்ததாக நினைப்பார்.

அவசரத்துக்கு விற்பதுதான் விலையைக் கெடுக்கிற பெரிய காரணம். இதை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தெளிவாக உணர்ந்திருந்தார். 1966இல் அவரும் சக ஓவியர்களும் மாணவர்களும் சோழமண்டலத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஓவியத்தை அன்றாடச் செலவுக்காக மலிவாகத் தள்ளிவிட வேண்டிய நிலை வரக்கூடாது என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். நம் நவீன ஓவிய வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிற ஏற்பாடு இது. நீங்களும் ஒரு வேலையோ ஓவிய வகுப்போ வைத்துக்கொண்டு, ஓவியத்துக்கு உரிய விலை வரும்வரை பொறுத்திருக்கலாம்.

தொடங்கும்போது விலை சற்றுக் குறைவாக இருப்பதில் தவறில்லை. வைத்தவை பெரும்பாலும் விற்றுப்போகின்றன என்றால், அடுத்த கண்காட்சியில் பத்துப் பதினைந்து சதவீதம் ஏற்றலாம். இறக்குவது மட்டும் வேண்டாம். போன ஆண்டு வாங்கியவரின் சுவரில் இருக்கும் ஓவியத்தின் மதிப்பையும் சேர்த்து இறக்குகிறீர்கள். மனதுக்கு மிக நெருக்கமான ஓவியத்துக்கு மூன்று மடங்கு விலை வைக்கத் தோன்றும். அதற்குப் பதில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். உறவினருக்குச் சும்மா கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் பதிவில் அதன் முழு விலையையும் எழுதி, பக்கத்தில் 'அன்பளிப்பு' என்று குறியுங்கள்.

ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும். காலண்டரிலோ புத்தக அட்டையிலோ போட விரும்புகிறவர் அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும். அந்த உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கு எழுத்து ஒப்பந்தம் அவசியம். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமை அவருக்கே போய்விடும். கேட்டு வரையும் வேலைக்குக் கூடுதல் விலை சொல்லுங்கள், அல்லது உரிமை என்னிடமே என்று எழுதி வாங்குங்கள். மூல ஓவியம் பிற்பாடு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமையாளரான ஓவியருக்கு அதில் 10 சதவீதம்வரை பங்கு கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

யாராவது வந்து மதிப்பிட்டுச் சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பலனில்லை. மதிப்பீட்டாளரும் இதற்கு முன் எவ்வளவுக்கு விற்றீர்கள், பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். அதனால் விற்கிற ஒவ்வோர் ஓவியத்துக்கும், தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு, விலை, வாங்கியவர் பெயர், ஒரு புகைப்படம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பில்லும் கையெழுத்திட்ட சான்றும் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓவியத்தை முடித்துக் கையெழுத்திடும் அன்றே, யாரும் கேட்பதற்கு முன்னால், அதன் விலையை நோட்டில் எழுதிவிடுங்கள்.