மலைப்பாதையில் கேரவன்: ஏர் பிரேக் காற்றுக் கசிவைக் கண்டறிவது எப்படி?

கேரளமும் மகாராஷ்டிரமும் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை அறிவித்தன. படுக்கை, சமையலறை, கழிவறை வசதிகள் கொண்ட வாகனங்கள் வாகமண் போன்ற மலைப்பகுதிகளுக்கும் சென்று வருகின்றன. இவற்றுள் பேருந்து சேசிஸ் மீது கட்டப்படும் பெரிய வாகனங்கள், பேருந்துகளையும் லாரிகளையும் போலவே, அழுத்தக் காற்றால் இயங்கும் ஏர் பிரேக்கைக் கொண்டவை. அந்தக் காற்று கசியும்போது பிரேக்கின் வலுவும் குறைகிறது.

இன்ஜினுடன் இணைந்த கம்ப்ரசர் காற்றை அழுத்தி ஏர் டேங்குகளில் நிரப்புகிறது. பெரும்பாலான வாகனங்களில் இந்த அழுத்தம் 8 முதல் 10 பார் வரை இருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரங்களின் அருகிலுள்ள பிரேக் சேம்பர்களுக்குக் காற்று பாய்ந்து பிரேக்கை இயக்குகிறது. பார்க்கிங் பிரேக் இதற்கு நேர்மாறானது. அதை இறுக்குவது வலிமையான ஸ்பிரிங். அதை விடுவிக்கவே காற்று தேவை. எனவே காற்று முழுவதும் வெளியேறிவிட்டால் வாகனம் தானாக நின்றுவிடும். இதை நம்பிப் பல ஓட்டுநர்கள் சிறு கசிவுகளைப் பொருட்படுத்துவதில்லை.

இந்த நம்பிக்கை பாதி அளவே சரி. சமவெளியில் ஓடும்போது, கசியும் காற்றைக் கம்ப்ரசர் ஈடுசெய்துவிடுவதால் மீட்டரில் குறை தெரியாது. கோழிக்கோட்டையும் வயநாட்டையும் இணைக்கும் தாமரசேரி மலைப்பாதை போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்குள்ள 9 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வாகனம் திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு முறையும் காற்று செலவாகிறது. அதனுடன் கசிவும் சேர்ந்தால், நிரப்பும் வேகத்தைவிடச் செலவாகும் வேகம் கூடிவிடும். எச்சரிக்கை ஒலி எழும்போது ஓட்டுநரிடம் எஞ்சியிருப்பது சில மிதிப்புகளுக்கான காற்று மட்டுமே. அதற்கும் கீழே அழுத்தம் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே சக்கரத்தைப் பிடிக்கத் தொடங்கும். சரிவில் அது எந்த இடத்தில் நிகழும் என்பது ஓட்டுநரின் கையில் இல்லை.

கசிவைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். அழுத்தம் முழு அளவை எட்டியதும் இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, மீட்டர் முள்ளை ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். பின்னர் காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மேலும் ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் கனரக வாகன உரிமம் பெறுவோர் தேர்வின்போது இதைச் செய்து காட்ட வேண்டும். பிரேக்கை மிதித்த நிலையில் தனி வாகனத்துக்கு அங்கு அனுமதிக்கப்படும் இழப்பு நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.2 பார். இந்தியச் சாலைகளிலும் ஓட்டுநர்கள் இதையே கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

எந்த நிலையில் முள் இறங்குகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் இறங்கினால், பிரேக் சேம்பரின் டயாபிராம், பிரேக் வால்வு, சக்கரத்துக்குச் செல்லும் ஹோஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பார்க்கிங் பிரேக்கை விடுவித்தால் மட்டும் இறங்கினால், ஸ்பிரிங் பிரேக் பகுதியிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ பழுது இருக்கும். எல்லா நிலைகளிலும் இறங்கினால், டேங்க், அதன் வடிகால் வால்வு, முதன்மைக் குழாய் இணைப்புகள் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. காற்றால் இயங்கும் கதவு, ஹாரன், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது காதுக்கும் சோப்பு நீருக்கும் உரிய வேலை. அமைதியான இடத்தில் 'உஸ்' என்ற ஒலியைப் பின்தொடர்ந்து சென்று, சந்தேகமான இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழிகள் எழும். கேரவனில் தண்ணீர்த் தொட்டியும் அலமாரிகளும் குழாய்களை மறைத்திருக்கக்கூடும் என்பதால் இதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். டேங்க் நிரம்பியதும் ஏர் டிரையர் ஒருமுறை சீறி அடங்குவது இயல்பு; அடங்காமல் தொடர்ந்தால்தான் பழுது.

காற்று வெளிவரும் இடமும் பழுதடைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் உட்புற சீல் தேய்ந்திருந்தால், பார்க்கிங் பிரேக் இறுக்கிய நிலையில் கால் பிரேக்கை மிதிக்கும்போது, காற்று ஹேண்ட் பிரேக் வால்வின் வெளியேற்றத் துளை வழியே வரக்கூடும். இதை அறியாமல் வால்வை மாற்றினால் பணம் செலவாகும், கசிவு நிற்காது.

பழுதுநீக்கத்தில் பெரும்பகுதி எளிமையானது. உரசித் தேய்ந்த நைலான் குழாயை நேராக வெட்டி, இணைப்பின் பித்தளை வளையத்தைப் புதிதாக மாற்றினாலே பல கசிவுகள் நிற்கும். பழைய இணைப்பை மேலும் மேலும் முறுக்குவது விரிசலில் முடியும். மரைகளில் அளவுக்கு மீறிச் சுற்றப்படும் டேப்பின் துணுக்குகள் உள்ளே சென்று வால்வுகளை அடைத்துக்கொள்ளும். எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் டேங்கிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

இரண்டு வேலைகளில் மட்டும் அரைகுறை அறிவு உயிரைப் பறிக்கும். ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் பல நூறு கிலோ விசையுடன் ஸ்பிரிங் அழுத்தப்பட்டிருக்கிறது. அதைத் திறக்க முயலாமல் முழுமையாக மாற்றுவதே முறை. நின்றுபோன வாகனத்தை நகர்த்த அந்த ஸ்பிரிங்கை போல்ட் மூலம் பின்னிழுத்து வைக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்த சக்கரத்துக்கு ஸ்பிரிங் பிரேக் இல்லை என்பதை மறந்து சரிவில் இறங்குவது பேராபத்து. மற்றொன்று ஏர் சஸ்பென்ஷன். இரவு நிறுத்திய கேரவன் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அப்பக்கக் காற்றுப் பை அல்லது உயரத்தைச் சீராக்கும் வால்வில் கசிவு இருக்கலாம். அதைப் பார்க்க, ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் நுழையக் கூடாது. பை இறங்கினால் வாகனத்தின் முழு எடையும் மேலே அமரும்.

இந்தியாவில் போக்குவரத்து வாகனங்களுக்கான தகுதிச் சான்று, வாகனத்துக்கு 8 ஆண்டுகள் ஆகும்வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு ஹோஸ் தேய்ந்து ஓட்டையாக அத்தனை காலம் தேவைப்படாது. எனவே மலைப்பயணத்துக்கு முன் இரண்டு நிமிட அழுத்தச் சோதனையையும், டேங்குகளில் தேங்கிய நீரை வடிப்பதையும் ஓட்டுநரே செய்ய வேண்டியுள்ளது. வடியும் நீரின் அளவு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், ஏர் டிரையரின் ஈரம் உறிஞ்சும் கேட்ரிட்ஜை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.