தைத்தது ஜோகூரில், சால்வை மட்டும் இந்தியச் சரக்கா?

(இறக்குமதித் துணிகள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் சுங்க முகவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

“சிங்கப்பூரில் துணிக்குச் சுங்கத் தீர்வையே கிடையாதே, பிறகு எதற்கு இந்தக் குறியீடும் பிறப்பிட நாடும்?” என்று நெறியாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே தீர்வை மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்களுக்குத்தான். துணிக்குப் பொருள் சேவை வரி மட்டுமே; 2024 முதல் அது 9 விழுக்காடு. ஆனால் நம் வணிகர்கள் இங்கே விற்பதோடு நிற்பதில்லை. பெட்டியைப் பிரித்து, வேறு நாட்டுக்கும் அனுப்புகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

முதலில் குறியீடு. உலக நாடுகள் 1988 முதல் ஒரே வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது; ஆசியான் நாடுகளில் எட்டு இலக்கம். பட்டு 50-ஆம் அத்தியாயம், பருத்தி 52. பின்னலாடை 61, நெய்த துணியில் தைத்த ஆடை 62. பனியன் துணிச் சட்டையும் பாப்ளின் சட்டையும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் சுங்கத்துக்கு வேறு வேறு.

கலப்புத் துணி என்றால் எடைதான் நீதிபதி. எந்த நூல் அதிக எடையோ அதன் பெயரில் துணி போகும். பருத்தி பாதி, பாலியெஸ்டர் பாதி என்று சரிசமமாக இருந்தால், எண் வரிசையில் கடைசியாக வருவது வெல்லும். அதனால் பாதிப் பருத்தித் துணி செயற்கை இழைத் துணியாகிவிடும்.

பட்டுச் சேலைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். சரிகையைத் தனி இழையாகவே எடை போடுவார்கள். சரிகைக்குள் ஓடும் உள்நூல் சுத்தப் பட்டாகவே இருந்தாலும், அந்த எடையும் சரிகைக் கணக்கில்தான் சேரும். உடல் முழுக்கச் சரிகை வேய்ந்த துணியில் பட்டின் எடை குறைந்துவிட்டால் அது பட்டுத் துணி என்ற தலைப்பிலேயே வராது. கல்யாணக் கடையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்!

இனி பிறப்பிடம். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சூரத்திலிருந்து அச்சிட்ட பாலியெஸ்டர் துணி வரவழைத்தார். ஜோகூர் பாருவில் கொடுத்து மேற்சட்டையும் அதற்கேற்ற சால்வையும் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். சால்வைக்கு வேலை என்ன? வெட்டி ஓரம் மடித்துத் தைத்ததுதான். இரண்டிலும் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று சீட்டு. சட்டை போய்விட்டது. சால்வை துறைமுகத்தில் நின்றுவிட்டது. “ஒரே துணி, ஒரே தையல்காரர், இதென்ன அநியாயம்?” என்று என்னிடம் வந்து நின்றார். தாள்களை எழுதிக் கொடுத்தவனே நான்தான். கேட்காமல் விட்டது என் தவறு.

அமெரிக்க விதி 1996 ஜூலை முதல் அப்படி. ஆடை என்றால், துண்டுகளை இணைத்துத் தைத்த நாடே பிறப்பிடம். ஆனால் சால்வை, கைக்குட்டை, படுக்கை விரிப்பு, திரை போன்றவற்றில் தையலுக்கு மதிப்பில்லை. துணியை நெய்த நாடே பிறப்பிடம். ஆக மேற்சட்டை மலேசியச் சரக்கு, சால்வை இந்தியச் சரக்கு.

இதே விதியால் இத்தாலியர்களும் கொதித்தார்கள். கோமோ நகரத்தார் சீனாவிலிருந்து வெறும் பட்டுத் துணி வாங்கி, சாயமேற்றி அச்சிட்டு, விலை உயர்ந்த கழுத்துக்குட்டையாக விற்பவர்கள். அதில் ‘சீனா’ என்று போட்டால் யார் அந்த விலை தருவார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் உலக வணிக நிறுவனத்தில் முறையிட்டது. 2000-இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது: சாயமேற்றலும் அச்சிடலும் கூடவே இரண்டு முடிப்பு வேலைகளும் நடந்தால், சில வகைகளுக்கு அந்த நாடே பிறப்பிடம். பருத்திக்கு அந்தச் சலுகை இல்லை. பருத்தியில் பெரிய நாடான இந்தியா 2002-இல் வழக்குக்குப் போனது, 2003-இல் தோற்றது. விதி உலக உடன்பாட்டை மீறுகிறது என்று நிரூபிக்கவில்லை என்றது நடுவர் குழு. பட்டுக்கு ஒரு நீதி, பருத்திக்கு ஒரு நீதி என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

ஒப்பந்தச் சலுகை இன்னொரு கதை. சிங்கப்பூர் - அமெரிக்கத் தடையில்லா வணிக உடன்பாடு 2004-இல் நடப்புக்கு வந்தபோது பலர் மகிழ்ந்தார்கள். பொதுவாக நூலிலிருந்தே இரு நாட்டுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிங்கப்பூரில் தைத்தால் மட்டும் போதாது. ‘சிங்கப்பூர்’ என்று சீட்டுப் போடத் தகுதியுள்ள சட்டைகூட, நூல் வெளியாருடையது என்றால் அந்தத் தீர்வைச் சலுகையை இழக்கலாம். சீட்டு வேறு, சலுகை வேறு.

எனவே துணி வாங்கும்போதே விற்பவரிடம் மூன்று விவரம் எழுத்தில் கேளுங்கள்: நூல் எங்கே, நெசவு எங்கே, எடையில் எந்த இழை எவ்வளவு. சரக்கு கப்பலேறிய பிறகு கேட்டால் பதில் வராது.

அந்த அண்ணனின் சால்வைகள் திரும்பி வந்தன. பின்கட்டில் உட்கார்ந்து அவரும் அண்ணியும் ஒவ்வொன்றாகச் சீட்டைப் பிரித்து, ‘இந்தியா’ என்று புதிதாகத் தைத்து மறுபடி அனுப்பினார்கள். அதற்குள் அங்கே பருவம் மாறியிருந்தது. வாங்கியவர் பாதி விலைதான் கொடுத்தார்.