எம்.ஆர்.ஐ. படத்தில் தசைநாண் ஏன் கறுப்பு?

முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால், பல இடங்களில் படங்களை சிடியிலும் பதிந்து தருகிறார்கள். அதனை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். தசை சாம்பல் நிறத்தில் தெரியும். தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாணோ கறுப்பாக இருக்கும். அங்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ஸ்கேனர் பதிவு செய்வதற்குள் அதன் சிக்னல் மறைந்துவிடுகிறது.

காந்தப் புலத்தில் படுத்திருப்பவரின் உடலுக்குள் ரேடியோ அலை செலுத்தப்படுகிறது. நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் திருப்பித் தரும் சிக்னலை, கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் படமாக மாற்றுகிறது. தசையின் சிக்னல் சுமார் 30 முதல் 40 மில்லி செகண்ட் நிற்கும். தசைநாணில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. இதனால் அதன் சிக்னல் சில மில்லி செகண்டிலேயே அடங்கிவிடும். வழக்கமான ஸ்கேன் பெரும்பாலும் 10 மில்லி செகண்ட் அல்லது அதற்கும் மேல் கழித்தே சிக்னலைப் பதிகிறது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் யு.டி.இ. முறை. இதில் 0.1 மில்லி செகண்டுக்குள் பதிவு தொடங்கிவிடும். கறுப்பாக இருந்த நாண் வெளிச்சமாகத் தெரியும்.

இன்னொரு விநோதமும் உண்டு. இழைகள் காந்தப் புலத்திற்கு ஏறத்தாழ 55 டிகிரி சாய்ந்திருந்தால், சிக்னல் கூடுதல் நேரம் நிற்கும். நல்ல நாணிலும் வெள்ளைத் திட்டு தோன்றும். இதன் பெயர் மேஜிக் ஆங்கிள். கிழிந்த நாணும் இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும். எனவே டாக்டர்கள், அதிக நேரம் காத்திருந்து பதிந்த படங்களுடன் ஒப்பிடுகிறார்கள். அவற்றில் திட்டு மறைந்தால் அது பெரும்பாலும் கோணத்தின் வேலை.

ஆகவே, மானிட்டரில் வெள்ளைத் திட்டைப் பார்த்தவுடன் நாண் கிழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். டாக்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.