தரங்கம்பாடி: கடலை நோக்கி ஒரு நடை

நடையை ராஜ வீதியின் மேற்கு முனையில், 1792-ல் கட்டிய நகர வாயிலில் தொடங்குங்கள். வளைவைக் கடந்ததும் தெரு நேரே கடலை நோக்கி ஓடுகிறது.

வழியில் 1701-ன் சீயோன் ஆலயம். பிறகு 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். இதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் மகுட முத்திரையைக் காணலாம். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் இவ்வூரிலேயே அச்சேற்றிய சீகன்பால்கு இங்குதான் அடக்கம் செய்யப்பட்டார்.

தெரு முடியுமிடத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-ல் டேனியர் எழுப்பத் தொடங்கியது. கீழே கிடங்கும் சிறையும், மேலே ஆளுநரின் இருப்பிடம். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. மேல்தளத்துக்கு அவசியம் ஏறுங்கள்.

வடக்கே சில நிமிட நடையில் மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தது. டேனியருக்கும் 300 ஆண்டு மூத்தது. கடல் அரித்து அரித்து முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. கரையோரம் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் வழுக்கும்; அவற்றின்மேல் ஏறாதீர்கள். விடியலில் வந்தால், கோயிலுக்கு நேர் எதிரே சூரியன் கடலிலிருந்து எழும்.