பாட்டியின் குரலும் பழைய கணிப்பொறியும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. நானோ காலை விட்ட பிறகுதான் ஆழத்தைத் தெரிந்துகொண்டேன். 2024 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, வீட்டுக்கெல்லாம் பாட்டும் படமும் வழங்கும் ஒரு பெட்டியாக அதை மாற்ற முயன்றேன். அந்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன். இதில் நான் கற்ற நுட்பங்களும் உண்டு. செய்த பெரிய தவறும் உண்டு. என் தவறைப் படித்துத் தோழியர் ஒருவராவது அதைச் செய்யாதிருந்தால் அதுவே எனக்குப் போதும்.

முதலில், இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் தந்தையான தாத்தா எங்களோடுதான் இருக்கிறார். 1980-களில் அவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். அக்காலத்தில் வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர்களும் ஊரிலிருந்த அவர்கள் குடும்பத்தாரும் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்களாம். அவை பேசும் கடிதங்கள்! அப்படிப் பாட்டி அனுப்பிய கேசட்டுகள் பதினொன்று தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பாட்டி 2019 இல் இறந்துவிட்டார். “மக்களே, அவ பேசுறத இன்னொரு தடவ கேக்கணும்” என்று தாத்தா சொன்னார். பழைய டேப் ரெக்கார்டரோ பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓடாது. ஆகவே கேசட்டுகளைக் கணிப்பொறியில் ஏற்றி, தாத்தா தம் அறையில் தொலைக்காட்சி முன் அமர்ந்தபடியே கேட்கச் செய்வது என்று முடிவு செய்தேன்.

பழைய பெட்டிக்குப் புது உயிர்

அந்தக் கணிப்பொறி 2012 இல் அப்பா வாங்கியது. புதிய மென்பொருள்களைச் சுமக்க முடியாமல் திணறியதால் பரணுக்குப் போய்விட்டது. ஆனால் பாட்டையும் படத்தையும் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அதிக வலிமை தேவையில்லை. அதில் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். லினக்ஸ் 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. யாரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். அதன்மேல் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். கணிப்பொறியில் உள்ள பாடல்களையும் படங்களையும் வரிசைப்படுத்தி, வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் அது அனுப்பிவைக்கும். இப்படிப் பிற கருவிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்கு ‘சர்வர்’ என்று பெயர்.

“கரண்ட் பில் யார் கட்டுவது?” என்று அப்பா கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். சுமார் 60 வாட் எடுக்கும் கணிப்பொறி இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 43 யூனிட். மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் ஓடினால் ஐந்தரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்று தீர்ப்பாயிற்று.

வீட்டுக்குள் ஒரு தபால் நிலையம்

வீட்டு நெட்வொர்க் என்பதை ஒரு சிறிய தபால் நிலையம் என்று எண்ணிக்கொள்ளலாம். ரூட்டர்தான் தபால்காரர். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் அது 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தருகிறது. அம்முகவரி அவ்வப்போது மாறக்கூடும். சர்வரின் முகவரி மாறினால் தொலைக்காட்சி அதைத் தேடித் திண்டாடும். ஆகவே ரூட்டரின் அமைப்பில், சர்வருக்கென்று ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவைத்தேன். ரூட்டருடன் வந்த பழைய கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றினேன். அதை மாற்றாமல் விடுவது பூட்டிய வீட்டின் சாவியை வாசற்படியில் வைப்பதற்குச் சமம்.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இண்டர்நெட் நின்றுபோனாலும் வீட்டு நெட்வொர்க் நிற்பதில்லை. சர்வரும் தொலைக்காட்சியும் ரூட்டரும் ஒரே வீட்டில் இருப்பதால் அவை தமக்குள் பேசிக்கொண்டே இருக்கும்.

ஆனால் தாத்தாவின் அறை வீட்டின் பின்கோடியில் இருக்கிறது. ரூட்டர் முன்கூடத்தில். இடையில் மூன்று தடித்த சுவர்கள். வை-ஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து ஓரளவு தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டுமே தோற்றன. படம் ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். ஆகவே கேபிள் இழுப்பதே வழி என்று கண்டேன்.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். அவற்றை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் அடுக்கி, முனையில் பிளக்கை வைத்து அதற்குரிய கருவியால் அழுத்த வேண்டும். நான் அழுத்திய முதல் பிளக் வேலை செய்தது! ஆனால் விநாடிக்கு 1000 மெகாபிட் காட்ட வேண்டிய இடத்தில் 100 மட்டுமே காட்டியது. காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. பழுப்புக் கம்பி சரியாகப் பதியவில்லை. 100 என்ற வேகத்துக்கு நான்கு கம்பிகள் போதும். 1000 என்ற வேகத்துக்கு எட்டும் வேண்டும். ‘வேலை செய்கிறது’ என்பதும் ‘சரியாக வேலை செய்கிறது’ என்பதும் ஒன்றல்ல என்பதை அன்று கற்றேன். ஆனால் அப்பாடத்தைக் கேபிளோடு மறந்துவிட்டேன்.

நாடாவிலிருந்து எண்ணுக்கு

அடுத்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு பெட்டிக்குள், காந்தப் பூச்சுள்ள நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முதலில், டேப் ரெக்கார்டரின் தலைப்பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடைத்தேன். பல ஆண்டுக் கறுப்பு பஞ்சில் ஒட்டி வந்தது. பிறகு ஒரு கம்பியால் டேப் ரெக்கார்டரையும் கணிப்பொறியையும் இணைத்தேன். முதலில் மைக் துளையில் செருகியதால் குரல் கரகரத்தது. அது மெல்லிய மின்னோட்டத்துக்கு ஏற்பட்ட துளை. அருகிலிருந்த ‘லைன் இன்’ துளையில் செருகியதும் குரல் தெளிந்தது.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உதவியது. அது ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதுகிறது. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். ஓர் அதிர்வைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு முறையாவது அளக்க வேண்டும் என்பதால்தான் அந்த எண். இப்படிப் பதிந்தால் ஒரு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறத்தாழ 635 மெகாபைட். எம்பி3 ஆகச் சுருக்கினால் இடம் மிகக் குறையும். ஆனால் ஒலியில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். ஃப்ளாக் என்ற முறையில் சேமித்தால் ஒன்றும் இழக்காமலே ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும். அதையே தேர்ந்தெடுத்தேன்.

கேசட்டை வேகமாக ஓட்டி நகலெடுக்க என்னிடம் வழியில்லை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்படி உட்கார்ந்துதான் நான் பாட்டியின் இளமைக் குரலைக் கேட்டேன். நான்காவது கேசட், 1985 ஆம் ஆண்டுக்குரியது. அதில் பாட்டி, மூன்று வயதுக் குழந்தையான என் அம்மாவுக்குப் பேசச் சொல்லித் தருகிறார். “அப்பா எப்ப வருவீங்கன்னு கேளு” என்கிறார். அம்மா, “அப்பா, பெட்டிக்குள்ள இருக்கீங்களா?” என்று டேப் ரெக்கார்டரைக் கேட்கிறார். அன்று மாலை தாத்தாவின் அறையில் நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். சிரித்தவர்களும் உண்டு, கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு. அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டி, பெங்களூரில் இருக்கும் சித்திக்குக் கைப்பேசியில் அனுப்பினேன்.

என் தவறு

சில நாள் கழித்துத் தாத்தா அதே கேசட்டைப் பழைய டேப் ரெக்கார்டரிலேயே போட்டுக் கேட்க ஆசைப்பட்டார். நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. இழுத்தபோது ஒரு சாண் நீளம் கசங்கி அறுந்தது. தாத்தாவின் முகம் வாடியது. நானோ, “கவலைப்படாதீங்க தாத்தா, கம்ப்யூட்டர்ல இருக்கு” என்று பெருமையோடு சொல்லி, கேசட்டைக் குப்பையில் போட்டேன். “இன்னொரு நகலும் எடுத்து வை” என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். நாளை எடுக்கலாம் என்று நாள் கடத்தினேன்.

மே மாதக் கடைசியில் ஒரு மாலை. இடியும் மின்னலும். மின்சாரம் போய் வந்தது, மீண்டும் போய் வந்தது. மறுநாள் கணிப்பொறியை இயக்கினால் ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டுமே கேட்டது. ஹார்டு டிஸ்க்கினுள் தட்டுகள் மிக வேகமாகச் சுழல, அவற்றின்மேல் முடியை விட மெல்லிய இடைவெளியில் ஒரு தலை மிதந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு வயதான அந்தத் தலை தட்டைத் தொட்டுக் கீறிவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, மீட்க முடியாது என்று கைவிரித்தார்.

மற்றப் பத்துக் கேசட்டுகளையும் மீண்டும் பதிந்துகொள்ளலாம். நான்காவதை எங்கே போய்த் தேடுவது? சித்தியின் கைப்பேசியில் இருந்த நான்கு நிமிடம் மட்டுமே மிஞ்சியது. ஐம்பத்தாறு நிமிடம் போய்விட்டது.

அதன் பிறகுதான் ஒன்றைப் படித்தேன். அறுந்த நாடாவை, கசங்கிய பகுதியை நீக்கிவிட்டு, அதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவால் ஒட்டலாமாம். ஒரு சாண் என்பது சுமார் 20 சென்டிமீட்டர். அதாவது ஒரு பக்கத்துக்கு நான்கு விநாடிப் பேச்சு. இரு பக்கமும் சேர்த்து எட்டே விநாடியோடு முடிந்திருக்க வேண்டிய இழப்பை, என் அவசரத்தால் ஐம்பத்தாறு நிமிடமாக ஆக்கிவிட்டேன்.

தாத்தா என்னைத் திட்டவில்லை. “மக்களே, மிச்சம் பத்து இருக்குல்ல” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது செய்வது

இப்போது 3-2-1 என்ற விதியைக் கடைப்பிடிக்கிறேன். எந்தப் பதிவுக்கும் மூன்று பிரதிகள். இரண்டு வேறு வேறு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அதன்படி, சர்வரில் புதிய டிஸ்க்கில் ஒன்று. நகலெடுத்ததும் கழற்றிப் பூட்டிவைக்கும் வெளிப்புற டிஸ்க்கில் ஒன்று. கழற்றி வைப்பது முக்கியம்; மாட்டியே இருந்தால் மின்னல் இரண்டையும் சேர்த்துத் தாக்கும். மூன்றாவது ஒரு பென் டிரைவில், பெங்களூரில் சித்தி வீட்டில். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சித்தி வரும்போது அதைப் புதுப்பிக்கிறோம். மூலக் கேசட்டுகள் பத்தும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு தகரப் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கின்றன. கணிப்பொறிக்கு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிட்டோம்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, ஏதேனும் ஒரு பிரதியைத் திறந்து சில நிமிடம் கேட்டுப் பார்க்கிறேன். பிரதி இருக்கிறது என்று நம்புவது போதாது. அது பேசுகிறதா என்று கேட்க வேண்டும். பழுப்புக் கம்பி அன்று சொன்ன பாடம் அதுதானே!

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட்டோ, பழைய கைப்பேசியோ, புகைப்படங்கள் நிறைந்த ஒரு டிஸ்க்கோ இருக்கும். இயந்திரம் எதையும் தானாக நினைவில் வைத்திருப்பதில்லை. நாம் பொறுப்போடு ஒப்படைப்பதையே அது காக்கிறது. இன்று மாலையே தேடுங்கள். இரண்டாவது பிரதியை எடுங்கள். மூலத்தை ஒருபோதும் எறியாதீர்கள். தாத்தா இப்போதும் தினமும் மாலை அந்த நான்கு நிமிடத்தைக் கேட்கிறார். நான்காவது நிமிடம் முடியும்போது பாட்டி ஏதோ சொல்லத் தொடங்குகிறார். அங்கே நான் வெட்டிய இடம் வந்துவிடுகிறது. அந்தச் சொல் என்னவென்று நினைவுகூர எவ்வளவு முயன்றும் எனக்கு வரவில்லை. அத்தகைய வருத்தம் உங்களில் ஒருவருக்கும் வேண்டாம்.