செவிக்குள் தேங்கும் நீரும் மறைந்துறையும் கிருமியும்

கூப்பிட்டால் திரும்பாத சிறுவனைக் கவனமற்றவன் என்று கடிந்துகொள்கிறோம். அவனுடைய செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கக்கூடும். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல், குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கையாகவும் அமைந்துள்ளது. சளியினால் அது அடைபடும்போது நீர் வடிவதில்லை. வலியோ காய்ச்சலோ இல்லாமையால் பெற்றோரும் அறிவதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் கிராமத் தொடக்கப் பள்ளியொன்றை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்குச் சுமார் 12 குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைந்திருந்தது.

இந்நீரைச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தபோது பெரும்பாலும் எதுவும் வளரவில்லை. ஆகவே அது கிருமியற்றது எனப் பலர் கருதினர். விதை முளைக்கவில்லை என்பதற்காக மண்ணில் விதையே இல்லை என்று சொல்லலாமா? மிக மெதுவாக வளரும் அல்லோயோகாக்கஸ் என்னும் கிருமி 1989இல் அமெரிக்காவில் பிரித்தறியப்பட்டது. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா ஆகியவற்றின் மரபணுக்கள் வளர்ப்பில் ஒன்றும் தோன்றாத நீரிலும் இருப்பதை 1995இல் மரபணுச் சோதனை காட்டிற்று. இவை குளத்துப் பாசிபோல் படலமாக ஒட்டி வாழ்வதை 2006இல் கண்டனர். இப்படலத்தை மருந்து எளிதில் அழிப்பதில்லை. ஆதலின் கடையில் நாமே மருந்து வாங்கிக் கொடுத்தல் தகாது.

பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் நீர் தானே வற்றிவிடும். வற்றாவிடில் செவித்திறனைச் சோதித்தல் அவசியம். வாசுதேவநல்லூர் வட்டாரத்தினர் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தையும், தேவையானால் தென்காசி அரசு மருத்துவமனையையும் நாடலாம். காதில் எண்ணெய் விடலாகாது. குழந்தையைப் படுக்கவைத்துப் புட்டிப்பால் புகட்டலாகாது. வீட்டில் புகை சூழவிடலாகாது. 2021 முதல் தமிழகத்தில் இலவசமாக வழங்கப்படும் நிமோகாக்கஸ் தடுப்பூசியை 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய பருவங்களில் தவறாது போடவேண்டும்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் மருத்துவக் குழு வரும் நாளில் ஒரு குழந்தையும் விடுபடாதவாறு பார்த்துக்கொள்வது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும். செவி கேளாத குழந்தைக்குப் பாடம் ஏறாது.